கொட்டில் சுவரில் ஆடுபுலி

நம் கணினி நிரல் வகுப்பில் எல்லோரும் பயிற்சியை அனுப்பிவிட்டீர்கள். நான் மட்டும்தான் பாக்கி. "அக்காவுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று குழுவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயிற்சியையும் முடித்துவிட்டேன். முடித்ததுதான் வினையாகப் போயிற்று. அனுப்ப வெட்கமாக இருக்கிறது. ஏன் வெட்கம் என்று சொல்லாமல் அனுப்பினால் இன்னும் வெட்கமாக இருக்கும். அதனால் இதை எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தானே நாமெல்லாம், படிக்க நேரம் இருக்கும்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நம் டீச்சர், பேத்தி வயதுப் பெண், திரையில் வந்து "இந்தக் கோர்ஸ்ல எல்லாமே ஃபங்ஷன்தான்" என்றாள். உடனே பாம்பன்காரர், "அப்பச் சாப்பாடு உண்டா டீச்சர்?" என்றார். அவளும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள். ஒன்றை உள்ளே கொடுத்தால் வேறொன்று வெளியே வர வேண்டும், உள்ளே கொடுத்தது கொடுத்தபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஃபங்ஷன். பிறகு, தெரிந்த விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கட்டத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டச் சொன்னாள். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. எழுத்தும் புள்ளியும் மட்டும். "காய் நகர்ந்தா பழைய கட்டத்தை அழிக்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல புதுசா ஒரு கட்டம் குடுங்க" என்று எத்தனை முறை சொன்னாள்!

உங்களுக்கெல்லாம் அது பிடிக்கவில்லை. ஒரு காய் நகர்வதற்கு முழுக் கட்டத்தையும் திரும்ப எழுதுவது வெட்டி வேலை என்று நம்மில் தலைமையாசிரியராக இருந்தவர் சண்டைக்கே போனார். எனக்கு மட்டும் கேட்டவுடன் புரிந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. பத்து வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க, நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். திரைக்குப் பதில் கொட்டில் சுவர். விசைப்பலகைக்குப் பதில் அடுப்புக்கரி.

எங்கள் ஊர் ராம்நாட்டுச் சிக்கல் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், அது முடிந்தால் மிளகாய். அய்யாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தவர்கள். வீட்டையும் வயலையும் பிரித்துக்கொண்டவர்களுக்கு மிளகாய்க் களத்தின் எல்லையைப் பிரிக்கத் தெரியவில்லை. எங்கள் ஊர் மிளகாய் குண்டு மிளகாய், காய்ந்தால் காற்றுக்கு உருளும். உன் மிளகாய் என் பக்கம் உருண்டது, என் மிளகாய் உன் பக்கம் உருண்டது என்று ஆரம்பித்த பேச்சு, ஒரு கோடையில் கம்பை ஓங்குகிற வரை போய்விட்டது. அத்தோடு பேச்சு நின்றது. பெரியப்பா ஊருணிக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுப் பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அய்யா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்.

பிரிக்காமல் விட்டது ஒரு கொட்டிலைத்தான். மண்சுவர், பனையோலைக் கூரை, நல்ல நீளம். கிழக்குப் பாதியில் எங்கள் ஆடுகள், மேற்குப் பாதியில் அவர்கள் மாடுகள், நடுவில் இரண்டு வீட்டு வைக்கோலும். அந்த வீட்டுக்காரர்கள் விடியும் முன்னே வந்து சாணி அள்ளி மாட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் நன்றாக விடிந்த பிறகு ஆட்டை அவிழ்ப்போம், பொழுது சாய அடைப்போம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் காலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த ரோஷம் எல்லாம் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. நனைந்த பனையோலை வாடையும் ஆட்டுப் புழுக்கை வாடையும் வைக்கோலின் வெதுவெதுப்பும் கலந்த அந்த இருட்டு இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஒரே மகன். எனக்கு நாலு வயது மூத்த அண்ணன். சண்டைக்கு முன்னால் நாங்கள் இருவரும் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவனுக்கு மூன்று புலி, எனக்குப் பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடித்த பிறகுதான் அவற்றை நகர்த்தலாம். புலி தனக்கு அடுத்து நிற்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டிக் காலி இடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டு. ஆடுகள் சேர்ந்து, புலியை எந்தப் பக்கமும் அசைய விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரி ஜெயித்தாள். சண்டைக்குப் பிறகு எங்கே சேர்ந்து உட்காருவது? அவன்தான் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், பக்கத்தில் வராமல், தார்ரோட்டின் எதிர் ஓரத்தில் நடந்துகொண்டே சொன்னான்.

"ஏய், வைக்கலுக்குப் பின்னால சுவத்துல எழுதியிருக்கேன். போயிப் பாரு. நீ சாயங்காலம் ஆட்டை அடைக்கையில ஒரு ஆட்டை வையி. நான் விடியக்காலம் மாட்டுக்கு வாரப்ப எம் புலிய நகத்துறேன்."

போய்ப் பார்த்தேன். கரியால் எழுதியிருந்தான். மேலே ஒன்று, அதற்குக் கீழே ஆறு ஆறாக மூன்று வரி, அடியில் நாலு. புலி இருக்கும் இடத்தில் 'பு'. காலி இடத்தில் புள்ளி. மறுநாள் ரோட்டில் கேட்டேன்.

"கோடே போடலையேண்ணே?"

"கோடு எதுக்கு? கோடு நம்ம மண்டைக்குள்ள இருக்கு. எழுத்து போதும். இன்னொண்ணு, எதையும் அழிக்காத. பக்கத்துல புதுசா எழுது. அழிச்சு எழுதுனா நீ அழுகுணி ஆட்டம் ஆடுவ."

நம் டீச்சர் சொன்னதை அவன் அன்றே சொல்லிவிட்டான். அப்படித்தான் ஆரம்பித்தது. நாளுக்கு இரண்டு கட்டம், சாயங்காலம் என்னுடையது, விடிகாலை அவனுடையது. சுவரில் வரிசையாக அடுத்தடுத்து நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே ஒரு நகர்வுதான் வித்தியாசம். ஆரம்பத்தில் என் ஆடுகள் நாலு வெட்டுப்பட்டன. ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்தில் ஓர் 'ஆ' குறைந்திருக்கும். வயிறெரியும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சிக்கலுக்குப் போகும் பஸ் நின்றது. அண்ணனை ரோட்டில் காணவில்லை, மழைக்கு வேறு வழியில் போகிறான் போல என்று நினைத்தேன். சுவரில் புலி தவறாமல் நகர்ந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்து மட்டும் திருந்தியிருந்தது. முன்பு கோணல்மாணலாக இருந்த வரிகள் நேராயின. புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில் வட்டமாக விழுந்திருந்தன. என் ஆட்டத்தைப் பார்த்து அண்ணனுக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழையில்தான் எங்கள் நிஜ ஆடுகள் சாக ஆரம்பித்தன. முதலில் செத்தது, நான் பால் புட்டி வைத்து வளர்த்த கருப்பி. சாயங்காலம் நன்றாக மேய்ந்துவிட்டு வந்தது, காலையில் வயிறு உப்பிக் கால் விறைத்துக் கிடந்தது. இரண்டு நாள் விட்டு அடுத்தது. பிறகு அடுத்தது. மழைக்கு முளைத்த இளம்புல்லைக் கண்டபடி மேய்ந்தால் வருகிற நோய், துள்ளுமாரி. முன்கூட்டியே ஊசி போட்டால் வராது. இது எனக்குக் கல்யாணமாகி, ராம்நாட்டில் குடியேறி, பக்கத்து வீட்டுக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அய்யா ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்தார். அந்த வருடம் நெல்லும் மூழ்கிவிட்டது. ஆடுகளும் போனால் அடுத்த விதைப்புக்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது.

கருப்பிக்காக அழுதேன். ஆனால் சாயங்காலமானால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரித்துண்டை எடுத்துவிடுவேன். ஏனென்றால் சுவரில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் புலிகளுக்குத் திடீரென்று மூளை மழுங்கிவிட்டது. ஆட்டின் பக்கத்தில் வந்து நிற்கும், மறுநாள் பேசாமல் வேறு பக்கம் போய்விடும். என் ஆடுகள் பதினொன்று அப்படியே நின்றன. மெதுமெதுவாகப் புலிகளை மேல் மூலைக்குத் தள்ளினேன். ஒரு சாயங்காலம் கடைசி ஓட்டையையும் ஓர் ஆட்டை மேலே நகர்த்தி அடைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் புதுக் கட்டம் இல்லை. சாணி அள்ளியிருந்தது, மாட்டுக்கு வைக்கோல் போட்டிருந்தது, சுவரில் மட்டும் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. புலிக்கு வழியில்லை! நான் ஜெயித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் கட்டத்துக்குப் பக்கத்தில் நாக்கைத் துருத்தும் முகம் ஒன்றைப் பெரிதாக வரைந்தேன். மறுநாள் பார்த்தால் அந்த முகத்துக்கு நெற்றியில் ஒரு பொட்டும், இரண்டு பக்கமும் இரட்டைச் சடையும், சடை நுனியில் ரிப்பனும் வைத்திருந்தது. என் சடைதான் அது. தோற்றும் கேலி பண்ணுகிறான் பார் என்று சிரித்துக்கொண்டேன்.

மழைக்காலம் போகப் போக வைக்கோல் குறையும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு காலையில் அய்யா கடைசிக் கட்டுகளை இழுத்தபோது சுவர் முழுக்கத் திறந்துகொண்டது. கோடில்லாத எழுத்துகள், வரிசை வரிசையாக, கூரையிலிருந்து தரை வரைக்கும். ஆ, ஆ, பு, புள்ளி. அங்கங்கே ஓர் 'ஆ' குறைகிறது. கடைசியில் நாக்கைத் துருத்திக்கொண்டு பொட்டு வைத்த ஒரு முகம்.

அய்யா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிவரப் போனார்.

கோடாங்கி உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தார். "ஆவன்னான்னா ஆடு" என்றார். பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டார் மனிதர். "புவன்னான்னா புதைக்கிறது. ஒவ்வொரு எழுத்தா எடுக்க எடுக்க ஒவ்வொரு உசுரா எடுத்திருக்கு. இந்தா நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறாளே, இவ கேட்டு வாங்கியிருக்கா. எழுத்துத் தெரிஞ்ச கை. பொம்பளைக் கை."

இரண்டு வீட்டிலும் எழுத்துத் தெரிந்த பெண்பிள்ளை பெரியம்மா ஒருத்திதான். தொண்டியில் பிறந்து பத்தாவது வரை படித்தவர். ஊர்ப் பெண்களுக்கு வந்த கடிதத்தையெல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார். நானும் நாலாவது படிக்கிறேனே, என்னை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா செய்வினை வைத்துவிட்டார் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்குத் தீர்ப்பு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காளி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால், அதற்குமேல் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல மறுத்தால் குற்றவாளி.

அய்யாவிடம் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். அன்று ராத்திரியே சொன்னேன். "அய்யா, அது விளையாட்டு" என்று நான் தொடங்கியதும், "பெரியவங்க காரியத்துல வாயை வைக்காத" என்று அதட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஊரே கோயிலில் கூடியது. மழை வெறித்து, வேப்பமரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை முடிந்து வந்திருந்தார். பயந்த மாதிரியே இல்லை. பூசாரி பித்தளைத் தட்டில் சூடத்தை ஏற்றினார். ஊர்ப் பெரியவர் வாசகத்தைச் சொன்னார்.

"அந்த வீட்டு ஆட்டுக்கு நான் ஒரு கெடுதலும் நெனைக்கல, பண்ணல. இதைச் சொல்லி அணைச்சிரு தாயி. அம்புட்டுத்தான்."

"அணைக்கிறேன்" என்றார் பெரியம்மா. கையைத் தூக்கினார்.

அந்தக் கை மட்டும் இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வாசகம் முழு உண்மை. அவர் சொல்லியிருப்பார், சூடம் அணைந்திருக்கும், ஊர் கலைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நின்றேன். காப்பாற்ற வந்தேனாம். எவ்வளவு பெருமையாக நின்றேன் என்பது இப்போதும் என் உடம்புக்குத் தெரிகிறது, அதை நினைத்தால் கூசுகிறது.

"அது செய்வினை இல்ல! ஆடுபுலி! சாயங்காலம் நான் ஆட்டை வைப்பேன், விடியக்காலம் அண்ணன் வந்து புலிய நகத்தும். அந்த நாக்கும் நான் வரைஞ்சதுதான். நான் ஜெயிச்சுட்டேன்!"

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"எந்த அண்ணன்? அவன் ஐப்பசி மொதலே ராம்நாட்டு ஆஸ்டல்ல கெடக்கான். பஸ் நின்னதுல இருந்து ஊருக்கே வரலையே."

எனக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பேச்சைத்தான் எங்கள் வீட்டில் எடுப்பதே இல்லையே.

அய்யா முன்னால் வந்தார். "அப்ப விடியக்காலம் வந்து எழுதுனது யாரு? மதினி, பழைய சத்தியம் வேண்டாம். 'சுவத்துல இருக்க எழுத்தை நான் எழுதல'ன்னு சொல்லி அணைங்க. அது போதும் எனக்கு."

பெரியம்மாவின் கை தூக்கியபடியே இருந்தது. சூடம் எரிந்து உருகித் தட்டில் கறுப்பாகப் பரவியது. பூசாரி இன்னொரு வில்லையைப் போட்டார். பெரியம்மா கையை மெதுவாக இறக்கினார்.

"எழுதுனேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா. விளையாண்டேன்."

ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அதை நான் எப்படி எழுதுவேன். "ஏழு கழுத வயசுல வெளாட்டாம்ல!" என்று ஒருத்தி. "பச்சப்பிள்ளய வசியம் பண்ணி வச்சிருக்கா" என்று இன்னொருத்தி. எழுத்தை வைத்து ஒரு பொம்பளை ஆட்டைக் கொல்வாள் என்பதை அத்தனை பேரும் நம்பினார்கள். நாற்பது வயதுப் பொம்பளை விடிகாலையில் சாணி அள்ள வந்த இடத்தில் ஆடுபுலி ஆடினாள் என்பதை ஒருத்தர்கூட நம்பவில்லை. நான் மட்டும் நம்பினேனா? "பெரியம்மாவா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி நானும் வாயைப் பிளந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஆட்டத்தில் மாட்டிக்கொண்டால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

பெரியப்பா அன்று மத்தியானமே அவரைத் தொண்டிக்குக் கொண்டுபோய் அவர் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாளைக்கு என்று சொன்னார்கள்.

எனக்கு வசியம் கழிக்க வேண்டும் என்று கோடாங்கி சொல்லிவிட்டார். அய்யாவும் அம்மாவும் என்னை இராமேஸ்வரத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார்கள். அக்கினி தீர்த்தக் கரையில் உட்காரவைத்து மொட்டை போட்டார்கள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. ரிப்பன் கட்டியிருந்த இரண்டு சடையும் ஈர மணலில் தனித்தனியாகக் கிடந்தன. பிறகு கடலில் முங்கவைத்து, கோயில் கிணறு கிணறாக நிறுத்தி மொட்டைத் தலையில் வாளி வாளியாக ஊற்றினார்கள். யாத்திரைக்கு வந்த என் வயதுப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். வேண்டுதலுக்கு மொட்டை என்றால் ஒரு பெருமை உண்டு. இது என்ன மொட்டை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குப் போனால் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரிந்திருக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. அய்யா எதிரில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். அம்மா என் தலையைச் சேலை முந்தானையால் மூடிவிட்டு, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பெரியம்மாவைப் பற்றி மெல்லச் சொன்னாள்.

"அக்கா விளையாண்டுதான் இருக்கும்டி. அதுக்கு ஆடுபுலின்னா உசுரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல நாங்க ரெண்டு பேரும் அடுப்படித் தரையில கரியால கோடு போட்டு ஆடுவோம். சோறு கொழையிறதுகூடத் தெரியாது."

"நீ அங்கன சொல்லலாம்லம்மா?"

அம்மா முந்தானையை இன்னும் இழுத்து என் காதையும் சேர்த்து மூடினாள். பாலத்துக்குக் கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் சாகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆடுபுலிக்குக் கோடு கிழிக்க அவள் விட்டதில்லை.

ஊருக்கு வந்தபோது கொட்டில் சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. மிச்சமிருந்த ஆடுகளும் தை பிறப்பதற்குள் செத்தன. எழுத்தை அழித்த பிறகு எப்படிச் செத்தன என்று அய்யாவை ஒருத்தரும் கேட்கவில்லை. அய்யாவும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று போன பெரியம்மா திரும்பவே இல்லை. அண்ணன் படித்து வேலைக்குப் போய், தொண்டியிலிருந்து அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். பெரியப்பா செத்ததற்குக்கூட அவர் ஊருக்குள் வரவில்லை.

அவரை நான் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அண்ணன் மகள் கல்யாணத்தில். அய்யா இறந்த பிறகு அண்ணனே தேடி வந்து பத்திரிகை வைத்தான். மண்டப வாசலில் வைத்து அவன் சொன்னான், "நான்தான் ஆஸ்டலுக்குப் போகையில அம்மாட்டச் சொல்லிட்டுப் போனேன். பாதி ஆட்டத்துல விட்டா அவ அழுவா, எம் புலிய நீ நகத்தும்மான்னு." பெரியம்மா முன்வரிசை நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து காலைத் தொட்டேன். அவர் கை என் தலையைத் தடவி, பின்னலைப் பிடித்து அதன் நீளத்துக்கும் இறங்கி வந்தது.

"முடி நல்லா வந்துருச்சா தாயி?" என்றார்.

எனக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல? மன்னிப்பா கேட்க முடியும், உண்மையைச் சொன்னதற்கு? "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்று என்னவோ கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். போன வருடம் அவர் காலமானார். இழவுக்குப் போனேன், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். வேறு விளையாட்டு எடுத்திருக்கலாம். உங்களில் பாதிப் பேர் பரமபதம் போட்டிருந்தீர்கள். என் விரல் ஆடுபுலியைத்தான் அடித்தது. அந்தக் கடைசிக் கட்டங்கள் எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. ஜெயித்த ஆட்டமல்லவா? மொட்டைத் தலையோடு எத்தனையோ ராத்திரி அவற்றைத் திரும்பத் திரும்ப மனதில் ஆடியிருக்கிறேன். ஒவ்வொரு நகர்வாகக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் திரையில் இறங்கியது. டீச்சர் கேட்டபடி, புலி வெட்டக்கூடிய ஆட்டுக்கு நட்சத்திரக் குறி போடும் ஃபங்ஷன் ஒன்றையும் எழுதினேன். அசைய வழியே இல்லையென்றால் "ஆடு ஜெயித்தது" என்று அடியில் காட்ட வேண்டும், வழி இருந்தால் அடுத்து யார் என்று காட்ட வேண்டும்.

கருப்பி செத்த நாளுக்குப் பிந்தைய கட்டங்களில் நட்சத்திரமாக விழுந்தது. இதில் ஒரு வெட்டு, அதில் ஒரு வெட்டு. ஒன்றையும் புலி எடுக்கவில்லை. மூளை மழுங்கிய புலி என்று நான் சிரித்தேனே, அந்தப் புலி. முதல் நிஜ ஆடு செத்த பிறகு சுவரில் ஓர் 'ஆ'கூடக் குறையவில்லை. இடமிருந்து வலமாக எண்ணிப் பார்த்திருந்தால் கோடாங்கிக்குத் தெரிந்திருக்கும், அய்யாவுக்குத் தெரிந்திருக்கும். எழுதிய எனக்கே தெரியவில்லை. கடைசிக் கட்டம் இது.

பு
ஆ ஆ பு பு ஆ* ஆ
. ஆ ஆ ஆ . .
. ஆ ஆ ஆ . .
ஆ . . .

நட்சத்திரம் விழுந்திருப்பது, ஓட்டையை அடைக்க நான் கடைசியாக மேலே நகர்த்திய அதே ஆடு. அது கிளம்பி வந்த இடம், உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் அதே கோட்டில், அதன் பின்னால் காலியாகக் கிடக்கிறது. உச்சியில் நிற்கும் புலி அதைத் தாண்டி அங்கே குதிக்கலாம். அந்த ஒரு வெட்டைத் தவிர மூன்று புலிக்கும் வேறு வழி கிடையாது. அதை எடுக்க மனமில்லாமல்தான் இரண்டு விடிகாலை அவர் சாணியை மட்டும் அள்ளிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள், நான் துருத்திய நாக்குக்குப் பொட்டு வைத்துச் சடை பின்னிவிட்டிருக்கிறார்.

பயிற்சியை இத்துடன் அனுப்புகிறேன். என் கட்டத்தின் அடியில் "ஆடு ஜெயித்தது" என்று வரவில்லை. பிழையாக இருக்குமோ என்று எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. "அடுத்து: புலி" என்றுதான் வருகிறது.